அச்சாரம் வாங்கிய வீடு

நிக்காஹ், தலாக், பாகப் பிரிவினை, ஜகாத் என்று மஸ்அலா கேட்டு நம்மிடம் வருபவர்கள் பலர். வீட்டை விற்கிறோம், இதில் மார்க்கம் என்ன சொல்கிறது என்று கேட்டு வருபவர்கள் மிகச் சிலர். அதற்குத் தரகரும் பத்திர எழுத்தரும் போதும் என்று மக்கள் முடிவு செய்துவிட்டார்கள். ஆதலால், சென்ற மாதம் ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பின் ஒரு பெரியவர் பள்ளியின் தாழ்வாரத்தில் நம் அருகே வந்தமர்ந்து, "ஆலிம்சா, வீட்டுக்கு அச்சாரம் வாங்கியாச்சு, இன்னும் பத்திரம் முடியலை. ஒரு சந்தேகம் கேட்கணும்" என்று தொடங்கியபோது நமக்கு மகிழ்ச்சியாகவே இருந்தது. அவர் சொல்லி முடித்தபோது அந்த மகிழ்ச்சி நம்மிடம் இல்லை.

விஷயம் இதுதான். 38 லட்சத்துக்கு விலை பேசி, 4 லட்சம் அச்சாரம் வாங்கி, மூன்று மாதத் தவணையில் கிரய ஒப்பந்தம் எழுதியிருக்கிறார்கள். வாங்குபவர் ஸவூதியில் வேலை செய்பவர். அவருக்காக இங்கே பேசி முடித்தவர் அவருடைய தம்பி. கிரயப் பணத்தில் கடன்களை அடைத்துவிட்டு, அடுத்த தெருவில் ஒரு வீட்டுக்கு வாடகைக்குப் போவதாக ஏற்பாடு. அந்த வீட்டுக்காரரிடமும் சொல்லியாகிவிட்டது. பாத்திர பண்டங்களில் பாதி சாக்கில் கட்டிக் கிடக்கின்றன. தவணை முடிய நான்கு நாட்கள் இருக்கும்போது ஸவூதியிலிருந்து தொலைபேசி வந்தது. கம்பெனியில் கணக்கு முடித்துத் தரவேண்டிய பணம் தாமதமாகிறது, இன்னும் ஒரு மாதம் பொறுக்க வேண்டும் என்று கேட்டார்கள். இவரும் "சரி" என்று சொல்லிவிட்டார். எழுதிக் கொள்ளவில்லை.

அந்த ஒரு மாதத்துக்குள்தான் மூன்றாமவர் ஒருவர் வந்து, 41 லட்சம் தருகிறேன், நாளைக்கே பதிவு செய்துகொள்ளலாம் என்கிறார். ஒப்பந்தத் தாளிலோ, தவணைக்குள் மீதிப் பணம் தராவிட்டால் அச்சாரம் திரும்பக் கிடைக்காது என்று எழுதியிருக்கிறது. கூடுதல் விலை 3 லட்சம், அச்சாரம் 4 லட்சம், ஆக 7 லட்சம். "கடன் போக ஒரு சின்ன மனையாவது வாங்கிப் போடலாம், ஆலிம்சா. ஷாபிஈ மத்ஹபிலே வாக்குக் கொடுத்ததை நிறைவேத்துறது வாஜிபு இல்லைன்னு ஒருத்தர் சொன்னார். அது சரிதானே?" என்றார்.

நாம் பதில் சொல்லாமல் இருந்தோம். அவரே மறுபடியும் பேசினார்: "வீட்லேயும் ஒரு கேள்வி கேட்டு வரச் சொன்னா. கொல்லையிலே முருங்கையும் ரெண்டு தென்னையும் நிக்கிது. அச்சாரம் வாங்கினதிலேர்ந்து அவ ஒரு காயும் பறிக்கலை. பறிக்கலாமா, அது வாங்குறவங்களுக்குச் சேர்ந்ததான்னு கேட்கச் சொன்னா."

"வீடு யார் பெயரில் இருக்கிறது, காக்கா?"

"அவ பேர்லதான். அவ உம்மா கொடுத்தது."

காயல்பட்டினம், கீழக்கரை முதலிய நம் கடற்கரை ஊர்களில் பெண் மக்களுக்கு வீடு கொடுத்து அனுப்பும் வழக்கத்தை வாசகர்கள் அறிவார்கள். ஆக, சொந்த மரத்துக் காயைப் பறிக்கலாமா என்று கேட்பவர் வீட்டின் உரிமையாளர். உரிமையாளரைக் கேட்காமலேயே 7 லட்சத்துக்குக் கணக்குப் போட்டுக் கொண்டிருப்பவர் அவருடைய வகீல்!

இந்த இரு கேள்விகளையும் வைத்துக் கொண்டு சில நாட்கள் நாம் யோசித்தோம். பத்திரம் பதிவாகும்வரை நாட்களை எண்ணிக் கொண்டிருப்பதை "சும்மா காத்திருக்கிறோம்" என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். சும்மா இருக்கும் காலமா அது? வீடு இன்னும் நம் கையில்தான் இருக்கிறது. ஆனால் நம் சொல் பிறர் கையில் போய்விட்டது. ஒரு முஃமினின் சொல்லுக்கு எவ்வளவு பெறுமானம் என்பது இந்த நடுக்காலத்தில்தான் தெரிய வருகிறது என்று நாம் கருதுகிறோம்.

முதலில் ஒரு பயத்தைத் தீர்க்க வேண்டும். சொந்த வீட்டை விற்று வாடகை வீட்டுக்குப் போவதை நம் ஊர்களில் ஒரு வீழ்ச்சியாகப் பேசுகிறார்கள். போதாக்குறைக்கு, வீட்டையோ நிலத்தையோ விற்றவர் அந்தக் கிரயத்தை அதுபோன்ற ஒன்றிலேயே போடாவிட்டால் அதில் பரக்கத் இருக்காது என்னும் கருத்தில் இப்னு மாஜாவில் வரும் ஹதீஸையும் யாரோ இவர்களுக்குச் சொல்லிப் பயமுறுத்தியிருக்கிறார்கள். மனை வாங்க வேண்டும் என்று பெரியவர் துடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அந்த ஹதீஸின் அறிவிப்பாளர் தொடரைப் பற்றி ஹதீஸ் கலை மேதைகள் பேசியிருக்கிறார்கள். அதை ஏற்றுக் கொண்டவர்களும், நிலையான சொத்தை விற்றுக் காசைக் கரைத்துவிடாதே என்னும் புத்திமதியாகவே அதைக் கொண்டார்கள். கழுத்தை நெரிக்கும் கடனை அடைக்க விற்பவருக்கு அதில் கண்டனம் எங்கே இருக்கிறது? முஆத் இப்னு ஜபல் (ரலி) அவர்களின் கடனுக்காக அவர்களுடைய சொத்து விற்கப்பட்ட செய்தி கிதாபுகளில் இருக்கிறது. கடனாளியாக மரணித்தவருக்குத் தொழுகை நடத்த நாயகம் (ஸல்) அவர்கள் தயங்கி நின்றதும், அபூகதாதா (ரலி) அவர்கள் அக்கடனைப் பொறுப்பேற்ற பின்னரே தொழுவித்ததும் நாம் அறிந்தவையே.

நம் ஷாபிஈ மத்ஹபின் 'மின்ஹாஜ்' என்னும் கிதாபில், திவாலானவரின் குடியிருப்பு வீட்டையும் கடனுக்காக விற்கலாம் என்றே இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் எழுதியிருக்கிறார்கள். அதற்கு விரிவுரையாளர்கள் சொல்லும் காரணம், குடியிருக்க வாடகைக்கு இடம் பெறுவது எளிது என்பதாகும். வாடகை வீட்டில் ஒரு மானக்குறைவு இருப்பதாக அந்தப் பெரியார்களுக்குத் தோன்றவில்லை. பெருமானார் (ஸல்) அவர்களே மதீனாவுக்கு வந்த புதிதில் பல மாதங்கள் அபூஅய்யூப் (ரலி) அவர்களின் வீட்டில்தான் தங்கியிருந்தார்கள். பின்னர் மக்காவுக்கு வந்தபோது, தங்கள் வீட்டில் தங்குவீர்களா என்று உஸாமா (ரலி) கேட்க, அகீல் நமக்கு வீடு எதையும் விட்டு வைத்திருக்கிறாரா என்று திருப்பிக் கேட்டார்கள். பிறந்த ஊரில் குடும்பத்து வீடுகள் கைமாறிப் போயிருந்தன. அதற்காக அவர்கள் எவருடனும் வழக்காடவில்லை.

ஆனால் ஒன்றைப் பெரியவருக்கு நினைவூட்டினோம். அந்த மின்ஹாஜின் சட்டம் கடனாளியின் சொந்த வீட்டுக்குத்தான். மனைவியின் வீட்டுக்கு அல்ல. கணவனின் கடனுக்காகத் தாய் கொடுத்த வீட்டை விற்க ராத்தா சம்மதித்தது அவர்கள் செய்யும் உபகாரம். அவர்கள் மீது கடமையில்லை. "அந்தப் பணம் உங்களுக்குக் கடனா, அன்பளிப்பா என்று பேசிக் கொண்டீர்களா?" என்று கேட்டோம். "புருஷன் பொஞ்சாதிக்குள்ளே இதெல்லாம் என்ன ஆலிம்சா!" என்றார். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக் கொள்ளச் சொல்லும் திருமறை வசனம் (2:282) கணவன் மனைவிக்கு விலக்கு அளிக்கவில்லை. அவர்கள் மனமுவந்து அன்பளிப்பாகத் தந்தால் அது ஹலால். கேட்காமலேயே அன்பளிப்பு என்று நாமாக எடுத்துக் கொண்டால், வாரிசுகள் பாகம் பிரிக்கும் நாளில் அந்தக் கணக்கு வெளியே வரும். நாம் பார்த்த சண்டைகளில் பாதி இப்படி வந்தவைதான்.

இனி அந்த வாக்குறுதி விஷயத்துக்கு வருவோம். பெரியவருக்கு மத்ஹபைச் சொல்லிக் கொடுத்தவர் பொய் சொல்லவில்லை. வாக்கை நிறைவேற்றுவது மிக வலியுறுத்தப்பட்ட ஸுன்னத், வாஜிபு அல்ல என்பதே இமாம் ஷாபிஈ, இமாம் அபூஹனீபா (ரஹ்) இருவருடைய கருத்தும், பெரும்பாலானோருடைய கருத்தும் என இமாம் நவவீ அவர்கள் 'அத்கார்' என்னும் நூலில் குறிக்கிறார்கள். அதே இடத்தில், வாக்கை மீறுபவர் கடுமையான மக்ரூஹைச் செய்தவராவார் என்றும், நிறைவேற்றுவது வாஜிபே என்று கூறிய கூட்டத்தாரில் கலீபா உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்களும் ஒருவர் என்றும் குறிக்கிறார்கள். வாக்கை நம்பி மற்றவர் செலவில் இறங்கிவிட்டால் பின்வாங்க முடியாது என்று மாலிகீ மத்ஹபில் சொல்லப்படுகிறது. சொல்லிக் கொடுத்தவர் முதல் வரியை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக் கொண்டார்!

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. விலை பேசி முடித்த அன்று நடந்ததை விசாரித்தோம். பெரியவர்கள் இருவர் சாட்சியாக உட்கார, பாத்திஹா ஓதி, இவர் "கொடுத்தாச்சு" என்றாராம். தம்பி "எடுத்தாச்சு" என்றாராம். வியாபாரம் நிறைவேற மார்க்கம் கேட்பது ஈஜாபும் கபூலும் அல்லவா? பத்திரமும் பதிவும் அதற்கு அத்தாட்சிகளே. அன்று வாயால் சொன்னது வியாபாரமாகவே நிறைவேறியிருந்தால் வீடு அன்றே போய்விட்டது. அதை மற்றொருவருக்கு விற்கும் பேச்சுக்கே இடமில்லை. இல்லை, "விற்பதாக ஒப்புக் கொள்கிறேன்" என்று தாளில் எழுதியதுதான் நோக்கம் என்றால் அது வாக்குறுதி மட்டுமே. நாட்டுச் சட்டமும் இரண்டாவதைத்தான் சொல்கிறது. கிரய ஒப்பந்தம் மட்டும் அசையாச் சொத்தில் எந்த உரிமையையும் உண்டாக்காது என்று 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 54ஆம் பிரிவில் கூறுகிறது. ஊர் வழக்கத்தையும் பார்த்து, இது வாக்குறுதியே என்றுதான் நாமும் கருதுகிறோம். என்றாலும் "கொடுத்தாச்சு" என்ற சொல்லுக்கும் "கொடுப்பேன்" என்ற சொல்லுக்கும் இடையிலுள்ள அந்த நூலிழையில் 7 லட்சத்தைத் தொங்கவிட்டு நிம்மதியாகத் தூங்க நம்மால் முடியாது. பெரியவரால் முடியுமா என்று கேட்டோம். அவர் தலைகுனிந்து தாடியைத் தடவிக் கொண்டார்.

மூன்றாமவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவரும் நம் பள்ளியில் முதல் ஸஃப்பில் நிற்பவர்தான்! ஒரு முஸ்லிம் விலை பேசி முடித்த பொருளின் மீது மற்றொரு முஸ்லிம் விலை பேசுவதை நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். விலை தீர்ந்து இரு தரப்பும் ஒப்புக் கொண்ட பிறகு இடையில் புகுவது ஹராம் என்பதில் நம் ஃபுகஹாக்களிடையே ஐயமில்லை. வீடு அச்சாரத்தில் இருப்பது தெரிந்தே அவர் வந்தார் என்றால் பாவம் அவருடையது. அவரை உட்காரவைத்துத் தேநீர் கொடுத்து, "யோசித்துச் சொல்கிறோம்" என்று அனுப்பி வைத்தவருக்கு அதில் பங்கு இல்லாமல் போகுமா?

இங்கே அபூராஃபிஉ (ரலி) அவர்கள் வீடு விற்ற செய்தி நமக்குப் பெரிய பாடம். ஸஅது இப்னு அபீவக்காஸ் (ரலி) அவர்களின் வளாகத்தில் அபூராஃபிஉக்கு இரு அறைகள் இருந்தன. அவற்றை வாங்கிக் கொள்ளுமாறு ஸஅதிடம் கேட்டார்கள். ஸஅது அவர்களோ நான்காயிரத்துக்கு மேல் தர மாட்டேன், அதுவும் தவணையாகத்தான் என்றார்கள். அபூராஃபிஉக்கு வேறிடத்தில் 500 தீனார் விலை சொல்லப்பட்டிருந்தது. அது அதிக விலை. இருந்தும், நெருக்கத்தால் அண்டை வீட்டாருக்கே முன்னுரிமை என்று நாயகம் (ஸல்) சொல்லக் கேட்டிராவிட்டால் இந்த விலைக்குத் தந்திருக்க மாட்டேன் என்று சொல்லி, ஸஅதுக்கே கொடுத்துவிட்டார்கள். புகாரீயில் இது பதிவாகியுள்ளது. அண்டை வீட்டாருக்கு ஷுஃப்ஆ உரிமை உண்டா என்பதில் ஹனபிகளுக்கும் ஷாபிஈகளுக்கும் உள்ள விவாதம் நமக்கு இங்கே வேண்டாம். நாம் பார்க்க வேண்டியது அந்த மனத்தை. அபூராஃபிஉ எவரிடமும் அச்சாரம் வாங்கவில்லை. "சரி" என்று தொலைபேசியில் சொல்லவுமில்லை. கேட்ட ஒரு நபிமொழிக்காகக் குறைந்த விலையைத் தவணையில் ஏற்றார்கள். நாமோ நம் வாயாலேயே சொன்ன சொல்லுக்கு விலை போட்டுக் கொண்டிருக்கிறோம்.

அச்சாரத்தை விழுங்கலாமா என்ற கேள்விக்கு மார்க்கத்தில் 'பைஉல் அரபூன்' என்று பெயர். வாங்கினால் கிரயத்தில் கழியும், வாங்காவிட்டால் விற்பவருக்கே என்று கொடுக்கும் முன்பணம் அது. இமாம்கள் மாலிக், ஷாபிஈ, அபூஹனீபா (ரஹ்) மூவரும் இந்த நிபந்தனையைச் செல்லாது என்றார்கள். இமாம் அஹ்மத் (ரஹ்) அவர்கள் ஆகும் என்றார்கள். அவர்களுக்கு ஆதாரமாக இருந்ததும் ஒரு வீட்டு விற்பனைதான். மக்காவில் சிறைச்சாலைக்காக ஸஃப்வான் இப்னு உமய்யா அவர்களின் வீட்டை நாஃபிஉ இப்னு அப்தில் ஹாரிஸ் அவர்கள் வாங்கினார்கள். கலீபா உமர் (ரலி) பொருந்திக் கொண்டால் வியாபாரம் முடிந்தது, இல்லாவிட்டால் ஸஃப்வானுக்கு 400 என்று பேசப்பட்டது. 1993இல் புரூணையில் கூடிய சர்வதேச ஃபிக்ஹு அகாடமி, காத்திருக்கும் காலம் வரையறுக்கப்பட்டிருந்தால் இது ஆகும் என்று முடிவு செய்தது. எனவே அச்சாரத்தை வைத்துக் கொள்பவர்கள் எல்லோரையும் ஹராம் தின்பவர்கள் என்று நாம் சொல்லவில்லை.

ஆனால் பெரியவரிடம் நாம் சொன்னது இது: "காக்கா, வாக்கு வாஜிபு இல்லை என்பதற்கு ஷாபிஈ மத்ஹபைப் பிடிக்கிறீர்கள். அச்சாரத்தை வைத்துக் கொள்ள மட்டும் ஹன்பலீ மத்ஹபுக்குப் போகிறீர்கள். இரண்டு வீட்டிலும் விருந்து சாப்பிடுகிறீர்களே!" அவரும் சிரித்துவிட்டார். அதுவுமன்றி, தவணையை நீட்டுவதற்குச் 'சரி' என்று ஒப்புக் கொண்டவர், நீட்டிய தவணை முடியும் முன்பே தவணை தவறிவிட்டது என்று எப்படிச் சொல்வார்? அகாடமியின் தீர்ப்பும் அவருக்கு உதவாது.

வாங்குபவர்களுக்கும் இதில் கணக்கு இருக்கிறது. கையில் பணம் வருமா என்று தெரியாமலேயே மூன்று மாதம் என்று தவணை எழுதுகிறார்கள். தவணை முடிய நான்கு நாள் இருக்கும்போது சொல்கிறார்கள். முதல் மாதத்திலேயே தாமதம் தெரிந்திருந்தால் அன்றே சொல்வதுதான் நேர்மை. ஒரு குடும்பம் பாத்திரத்தைச் சாக்கில் கட்டி வைத்துக் கொண்டு, பிள்ளையை எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது என்று தெரியாமல், சுவரில் ஓர் ஆணி அடிக்கவும் யோசித்துக் கொண்டு இருக்கிறது. கடன்காரர் தினம் வந்து திண்ணையில் உட்காருகிறார். தூரத்தில் இருப்பவருக்கு இது கண்ணில் படுவதில்லை. வசதியுள்ளவர் இழுத்தடிப்பது அநீதி என்று நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னதும், சிரமத்தில் இருப்பவருக்கு அவகாசம் தரத் திருமறை (2:280) சொல்வதும் கடனைப் பற்றியவை. என்றாலும் கிரயப் பணம் பாக்கி வைத்திருப்பவரும் தாம் இவ்விருவரில் யார் என்று தமக்குள் கேட்டுக் கொள்ள வேண்டும்.

ராத்தாவின் கேள்விக்கு வருவோம். பத்திரம் ஆகும்வரை மரமும் காயும் அவர்களுடையவை, தாராளமாகப் பறிக்கலாம். இன்னும் சொல்லப்போனால், கிரயம் முடிந்த பிறகும், விற்ற நேரத்தில் மரத்தில் வெளிப்பட்டுக் காய்த்திருந்தவை விற்றவருக்கே சேரும், வாங்குபவர் தமக்கென்று நிபந்தனை செய்து கொண்டாலன்றி. மகரந்தம் சேர்க்கப்பட்ட பேரீச்ச மரத்தைப் பற்றி வந்த ஹதீஸிலிருந்து எடுத்த சட்டம் இது. ராத்தா இவ்வளவு பேணியதைக் கேட்டு நமக்கு வெட்கமாக இருந்தது. ஏனெனில் வீடு விற்பவர்கள் பலர் காய்க்குக் கவலைப்படுவதில்லை, கதவையே கழற்றிக் கொண்டு போகிறார்கள்!

விலை பேசும்போது இருந்த தேக்குக் கதவு சாவி கொடுக்கும்போது பலகைக் கதவாக மாறியிருக்கும். தண்ணீர் மோட்டார் இருந்த இடத்தில் குழாய் மட்டும் நிற்கும். இதை நம் ஃபுகஹாக்கள் எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே எழுதி வைத்துவிட்டார்கள். வீட்டை விற்றால் எவை எவை அதில் அடங்கும் என்று மின்ஹாஜில் ஒரு பட்டியல் இருக்கிறது. கிணற்று வாளி, கப்பி, கட்டில் போன்ற தூக்கிச் செல்லும் பொருள்கள் அடங்கா. பொருத்திய கதவுகளும் அவற்றின் வளையங்களும், ஆணியடித்த அலமாரிப் பலகையும் ஏணியும் அடங்கும். தரையில் பதித்த திரிகையின் அடிக்கல் அடங்கும். சரியான கருத்துப்படி மேற்கல்லும் அடங்கும். பதித்த பூட்டின் சாவி, எடுத்துச் செல்லக் கூடியதாயினும், வீட்டோடு சேர்ந்ததே. திரிகைக் கல்லுக்கே இவ்வளவு பேசியவர்கள் மின்விசிறிக் கொக்கியையும் குளியலறைக் குழாயையும் பார்த்திருந்தால் என்ன எழுதியிருப்பார்கள் என்பதை வாசகர்கள் ஊகித்துக் கொள்ளலாம். எடுத்துப் போக வேண்டியது ஏதும் இருந்தால் விலை பேசும்போதே சொல்லி எழுதிக் கொள்ளலாம், யாரும் தடுக்கவில்லை.

அந்த வீட்டின் மேற்குச் சுவரில் இந்த மழையில் ஓதம் ஏறியிருக்கிறது. விலை பேசியபோது அது இல்லை. சுண்ணாம்பு அடித்து மறைத்துவிடலாமா என்று யோசித்ததாகப் பெரியவரே ஒப்புக் கொண்டார். தானியக் குவியலுக்குள் நாயகம் (ஸல்) அவர்கள் கையை விட்டபோது ஈரம் பட்டதும், மழையில் நனைந்துவிட்டது என்று விற்றவர் சொன்னதும், மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று அவர்கள் கேட்டதும் நினைவுக்கு வரவில்லையா? அந்த ஈரமும் மழையால் வந்ததுதான், விற்றவர் செய்ததல்ல. ஆனால் மறைத்தது அவர். பொருள் வாங்குபவர் கைக்குப் போகும் முன்பு உண்டாகும் குறை விற்பவர் பொறுப்பிலேயே இருக்கும் என்பது நம் மத்ஹபு. ஒப்பந்தத்துக்கும் ஒப்படைப்புக்கும் இடைப்பட்ட காலத்தில் புத்தியுள்ள உரிமையாளர் தம் சொத்தைப் பார்த்துக் கொள்வதுபோல விற்பவர் வீட்டைப் பேண வேண்டும் என்று நாட்டுச் சட்டமும் (55ஆம் பிரிவு) சொல்கிறது. பத்திரத்தில் விலையைக் குறைத்து எழுதும் நோயைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இந்தக் கட்டுரை முடியாது. அதைத் தனியே எழுதுவோம், இன்ஷா அல்லாஹ்.

இந்த 'இன்ஷா அல்லாஹ்'வைப் பற்றியும் ஒரு வார்த்தை. வாடகை வீட்டுக்காரரிடம் "இன்ஷா அல்லாஹ் பத்தாம் தேதி வந்துவிடுகிறோம்" என்று சொல்லியிருக்கிறார்கள். பத்தாம் தேதி போய் இன்னொரு பத்தாம் தேதியும் போய்விட்டது. அவர் ஒரு விதவையின் மகன். அந்த வாடகையில்தான் தாய்க்கு மருந்து வாங்குகிறார். வேறு இருவர் கேட்டும் கொடுக்காமல் இவர்களுக்காகப் பூட்டி வைத்திருக்கிறார். "இன்ஷா அல்லாஹ்னு சொல்லித்தானே ஆலிம்சா சொன்னேன்!" என்றார் பெரியவர். அல்லாஹ்வின் நாட்டத்தின் மீது நம் காரியத்தைச் சார்த்துவதற்காகக் கற்றுத் தரப்பட்ட சொல் அது. தேதி தவறியதற்குச் சமாதானமாகக் கற்றுத் தரப்படவில்லை. ஸவூதியிலிருந்து தொலைபேசி வந்த அன்றே அவரிடம் போய், "ஒரு மாதம் தள்ளுகிறது, வேறு ஆள் வந்தால் கொடுத்துவிடுங்கள், இல்லை எங்களுக்காக வைத்திருப்பதானால் இந்த மாதத்துக்கு ஏதாவது தருகிறோம்" என்று சொல்லியிருக்க வேண்டும். ஒப்பந்தம் இல்லாததால் வாடகை கடமையாகவில்லை என்பது சட்டம். நம்மை நம்பிப் பூட்டி வைத்தவர் வயிற்றுக்கு அந்தச் சட்டம் என்ன செய்யும்? தம்மை வாங்குபவர் காக்க வைக்கிறார் என்று மனம் வெதும்புகிறவர், தாம் ஒருவரைக் காக்க வைத்திருப்பதை மறந்துவிட்டார்.

வேறு சிலர் இவர்களுக்கு இன்னொரு வழியும் காட்டியிருக்கிறார்கள். மாத வாடகை எதற்கு, கிரயப் பணத்தில் 5 லட்சத்தைக் கொடுத்து ஒரு வீட்டை ஒத்திக்கு எடுத்துக் கொள், வாடகையில்லாமல் இருந்துவிட்டுப் போகும்போது முழுப் பணத்தையும் வாங்கிக் கொள் என்று. இது முஸ்லிம்கள் நிறைந்த தெருக்களிலேயே கூச்சமில்லாமல் நடக்கிறது. திரும்பப் பெறும் பணம் கடன். அந்தக் கடனுக்காக நிபந்தனை செய்து அனுபவிக்கும் குடியிருப்பு வட்டி. வட்டிக் கடனை அடைக்க வீட்டை விற்றுவிட்டு, விற்ற பணத்தோடு வட்டிக்குள்ளேயே குடிபோவதா?

கடைசியாக ராத்தாவின் சார்பில் இன்னொன்றும் கேட்டார். பத்திரம் முடிந்த பிறகு ஒரு மாதம் அதே வீட்டில் இருந்துகொள்ளலாமா? ஜாபிர் (ரலி) அவர்கள் ஒரு பயணத்தில் தம் ஒட்டகத்தை நாயகம் (ஸல்) அவர்களுக்கு விற்று, மதீனா போய்ச் சேரும்வரை தாமே ஏறிச் செல்வதாகப் பேசிக் கொண்ட ஹதீஸை வைத்து, குறிப்பிட்ட காலம் விற்றவர் பயன்படுத்தும் நிபந்தனையை இமாம் அஹ்மத் அவர்கள் அனுமதித்தார்கள். நம் மத்ஹபில் வியாபாரத்தோடு அந்த நிபந்தனையைக் கட்டக் கூடாது. கட்ட வேண்டிய தேவையும் இல்லை. நிபந்தனையில்லாமல் கிரயத்தை முடித்துவிட்டு, புதிய உரிமையாளரிடம் ஒரு மாதத்துக்கு வாடகை பேசி இருந்துகொள்ளலாம். அவர் இனாமாக இருக்கச் சொன்னால் அவருக்கு நன்மை. மதீனா சேர்ந்ததும் கிரயத்தையும் கொடுத்து ஒட்டகத்தையும் ஜாபிருக்கே கொடுத்துவிட்டார்கள் நாயகம் (ஸல்) அவர்கள். ஸவூதிக்காரரிடம் நாம் அவ்வளவு எதிர்பார்க்கவில்லை என்றோம்.

இவற்றையெல்லாம் கேட்டுக் கொண்டு போன பெரியவர், முதலில் வீட்டின் உரிமையாளரிடம் கேட்டிருக்கிறார். "சொன்னது சொன்னதுதானே, இதுக்கு ஆலிம்சாகிட்டே வேறே போகணுமா?" என்றார்களாம் ராத்தா. 41 லட்சக்காரருக்கு இல்லை என்று சொல்லியாகிவிட்டது. வாங்குபவரின் தம்பியைக் கூப்பிட்டு, ஓதமேறிய சுவரைக் காட்டி, ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில் புதிய தேதியை எழுதி, பழைய சாட்சிகள் இருவரிடமும் கையொப்பம் வாங்கியிருக்கிறார்கள். வாடகை வீட்டுக்காரருக்கு இரண்டாவது மாதத்துக்குப் பாதி வாடகை கொடுக்கப்பட்டது. கடன்காரர் மட்டும் இன்னும் திண்ணைக்கு வருகிறார். கணவன் மனைவிக்கிடையே எழுத வேண்டியதை எழுதினார்களா என்று நாம் கேட்டதற்குப் பெரியவர் பதில் சொல்லவில்லை, மறுபடியும் கேட்போம். இதை எழுதும் நாளில் பத்திரம் பதிவாகவில்லை. சாக்கில் கட்டிய பாத்திரங்களில் சமையலுக்கு வேண்டியவற்றை ராத்தா திரும்பவும் அவிழ்த்துக் கொண்டார்கள். முருங்கைக்காய் ஒரு கட்டு நம் வீட்டுக்கும் வந்தது.